பனிக்கால விடுமுறையும் விடுதலை வேட்கையும்
(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

அமெரிக்க நாட்டின் பனிக்கால விடுமுறையையும் அங்குள்ள வாழ்க்கையையும் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தார்கள். அந்நாட்டில் சில ஆண்டுகள் பணி செய்து வாழ்ந்தவன் என்ற முறையில், கண்டவற்றையும் அங்கிருந்தபோது படித்தறிந்தவற்றையும் உங்கள் முன் வைக்கிறேன்.

அங்கே நவம்பர் மாதத்தின் நான்காம் வியாழக்கிழமை நன்றி நவிலும் நாள். அன்று தொடங்கும் விழாக்காலம் கிறிஸ்துமஸைக் கடந்து சனவரி முதல் நாள் வரை நீள்கிறது. வடபகுதி நகரங்களில் டிசம்பர் மாதத்தில் மாலை நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். இலையுதிர்ந்த மரங்களில் வண்ண விளக்குகள் எரியும். கடைகளில் கூட்டம் அலைமோதும். பெற்றோரைத் தேடிப் பிள்ளைகள் ஆயிரம் மைல் கடந்து வருவார்கள். குடும்பம் ஒன்றுகூடி உண்ணும் அந்தக் காட்சி மனத்திற்கு இதமானது. அதைக் குறை சொல்ல நான் இங்கு வரவில்லை.

ஆயினும் விளக்குகளுக்குப் பின்னால் நிற்பவர்களையும் பார்க்க வேண்டுமல்லவா? விடியுமுன் சாலையில் பனியை அகற்றி உப்புத் தூவுகிறவர், கிடங்கில் பரிசுப் பொருள்களைப் பெட்டியில் அடைக்கிறவர், மருத்துவமனையில் இரவு முழுவதும் கண்விழிக்கும் செவிலியர் ஆகியோருக்கு அந்நாள்களும் வேலை நாள்களே. கூட்டாட்சி அரசின் ஊழியர்களுக்குக் கிறிஸ்துமஸ் சட்டப்படியான விடுமுறை. அச்சட்டம் 1870இல் வந்தது. ஆனால் தனியார் முதலாளி தம் தொழிலாளிக்கு ஊதியத்துடன் விடுமுறை அளித்தே தீரவேண்டும் என்று கூட்டாட்சிச் சட்டம் இன்றும் கட்டாயப்படுத்தவில்லை. செல்வம் கொழிக்கும் நாட்டிலும் ஓய்வு என்பது எல்லார்க்கும் ஒன்றுபோல் பங்கிடப்படவில்லை.

இந்த விடுமுறைக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. அடிமை முறை நிலவிய காலத்தில், தென் மாநிலங்களின் பண்ணையார்கள் கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை தம் அடிமைகளுக்குச் சில நாள் ஓய்வு கொடுப்பது வழக்கம். அது கருணையால் பிறந்த வழக்கமா? அடிமையாகப் பிறந்து, தப்பி, பின்னர் பெரும் பேச்சாளராய் விளங்கிய பிரெடரிக் டக்ளஸ் 1845இல் வெளியிட்ட தன்வரலாற்றில் இதனை ஆராய்கிறார். அந்த நாள்களில் உழைப்பவனையும் சேமிப்பவனையும் பண்ணையார் விரும்பமாட்டார்; குடிப்பவனையே விரும்புவார். யார் மிகுதியாகக் குடிப்பது என்று பந்தயம் கூடக் கட்டுவார். கொதிகலனில் மிகுந்த ஆவியை வெளியேற்ற ஒரு திறப்பு வைப்பதுபோல, அடிமையின் உள்ளத்தில் மூண்ட கலக உணர்வை வடியச் செய்யவே அந்த விடுமுறை பயன்பட்டது என்பது அவர் கண்ட உண்மை. விடுமுறை முடிந்ததும் வருவது சனவரி முதல் நாள். அன்றுதான் அடிமைகளை ஓராண்டுக் குத்தகைக்கு அனுப்புவார்கள். தாய் ஒரு பண்ணைக்கும் பிள்ளை மற்றொரு பண்ணைக்கும் போவார்கள். ஊரார் வாழ்த்துக் கூறும் புத்தாண்டு நாள் அவர்களுக்கு நெஞ்சு உடையும் நாளாக இருந்தது.

ஆனால் இளைஞர்களே, அடக்குவதற்காகக் கொடுக்கப்பட்ட அந்த ஓய்வையே விடுதலைக்கு வழியாக்கிக்கொண்டவர்களும் இருந்தார்கள். 1854ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் முடிந்ததும் விற்கப்படவிருந்த தம் சகோதரர் மூவரை, விழா நாளிலேயே மேரிலாந்திலிருந்து அழைத்துக்கொண்டு வடக்கே புறப்பட்டார் ஹாரியட் டப்மன் என்னும் வீராங்கனை.

அதற்கு ஆறாண்டுகள் முன்பு, 1848 டிசம்பரில், ஜார்ஜியா மாநிலத்தின் மேக்கன் நகரிலிருந்து வில்லியம் கிராஃப்ட், எலன் கிராஃப்ட் என்னும் அடிமைத் தம்பதியர் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கான அனுமதிச் சீட்டோடு தப்பினார்கள். வெளுத்த நிறமுடைய எலன் ஆண் உடை பூண்டு, நோயுற்ற வெள்ளைக்காரப் பண்ணையார் போல வேடமிட்டார். கணவர் அவருடைய அடிமை ஊழியராக உடன் சென்றார். இரயிலிலும் கப்பலிலும் நான்கு நாள் பயணம் செய்து டிசம்பர் 25ஆம் நாள் பிலடெல்பியாவை அடைந்தார்கள்.

இந்த வரலாற்றில் ஒரு சிறு செய்தியை நீங்கள் மறக்கக்கூடாது. எலன் தம் வலக்கையைத் துணியால் கட்டித் தொங்கவிட்டிருந்தார். ஏன் தெரியுமா? அவருக்கு எழுதத் தெரியாது. விடுதியிலும் துறைமுகத்திலும் கையொப்பம் கேட்டால், கை நோயுற்றிருக்கிறது என்று சொல்லித் தப்புவதற்கே அந்தக் கட்டு. உடையை மாற்றிக்கொள்ள முடிந்தது. நடையை மாற்றிக்கொள்ள முடிந்தது. எழுத்தறிவை மட்டும் இரவல் வாங்க முடியவில்லை. அடிமைகளுக்கு எழுதக் கற்பிப்பதைத் தென் கரோலினா 1740லேயே சட்டம் போட்டுத் தடுத்திருந்தது. பிற மாநிலங்கள் சிலவும் பின்னர் அவ்வாறே செய்தன. சுதந்திர மண்ணில் கால் வைத்ததும் கிராஃப்ட் தம்பதியர் முதலில் நாடியது எழுத்தையே. சில வாரங்களில் தம் பெயரை எழுதக் கற்றார்கள். பின்னர் இங்கிலாந்தில் முறையாகப் பயின்று, அடிமை முறை ஒழிந்தபின் ஜார்ஜியாவுக்கே திரும்பி, தம் மக்களுக்காகப் பள்ளி நடத்தினார்கள். நம் பாட்டன்மாருக்கு எழுத்து மறுக்கப்பட்ட கதை இங்கு அமர்ந்திருக்கும் எவருக்கும் புதிதன்று. ஆகவேதான் எலனின் கைக்கட்டு எனக்கு அயல்நாட்டுக் கதையாகத் தோன்றவில்லை.

1862 டிசம்பர் 31 இரவு, மறுநாள் லிங்கனின் விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வரும் என்று எதிர்பார்த்துக் கறுப்பின மக்கள் தேவாலயங்களில் விழித்துக் காத்திருந்தார்கள். இன்றும் ஆண்டின் இறுதி இரவில் அவர்களுடைய தேவாலயங்களில் விழிப்பு வழிபாடு நடைபெறுகிறது. அத்தகைய வழிபாடு ஒன்றில் நானும் அமர்ந்திருக்கிறேன். நள்ளிரவில் முதியோர் தம் பேரப்பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றதைக் கண்டபோது, வரலாறு புத்தகத்தில் மட்டும் இருப்பதன்று என்பதை உணர்ந்தேன். அடிமை முறையை நாடு முழுவதும் ஒழித்த பதின்மூன்றாம் அரசியல் சட்டத் திருத்தம் 1865 டிசம்பர் 6ஆம் நாள் நிறைவேறியது. அதே டிசம்பர் 6, 1956இல் அண்ணல் அம்பேத்கர் நம்மைப் பிரிந்த நாள்.

டிசம்பர் 25 நமக்கும் வெறும் விடுமுறை நாளன்று. 1927இல் அந்நாளில்தான் அண்ணல் தலைமையில் மகாடில் மனுநூல் எரிக்கப்பட்டது. 1968இல் அந்த இரவில்தான் கீழ்வெண்மணியில் நாற்பத்து நான்கு உயிர்கள் தீக்கிரையாயின. கறுப்பின மக்கள் தம் நாள்களை நினைவில் வைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல நாமும் சொல்ல வேண்டாமா?

மார்ட்டின் லூதர் கிங் அவர்களின் நினைவாக சனவரி மாதத்தின் மூன்றாம் திங்கட்கிழமை அங்கே தேசிய விடுமுறை. 1968இல் அவர் கொல்லப்பட்டபின் பதினைந்து ஆண்டுகள் போராடியே 1983இல் அச்சட்டத்தைப் பெற்றார்கள். 1986 முதல் அது கொண்டாடப்படுகிறது. எல்லா மாநிலங்களும் ஏற்றுக்கொள்ள 2000ஆம் ஆண்டு ஆயிற்று. பண்ணையார் கொடுத்த விடுமுறைக்கும் மக்கள் போராடிப் பெற்ற விடுமுறைக்கும் உள்ள வேறுபாட்டை எண்ணிப் பாருங்கள். பின்னதை ஓய்வு நாளாக மட்டும் கழிக்காமல், பள்ளிகளைச் செப்பனிடுதல், ஏழையர்க்கு உணவளித்தல் முதலான தொண்டு நாளாகவும் பலர் கடைப்பிடிக்கிறார்கள்.

நிற்க. அமெரிக்கா சென்றுவிட்டால் சாதி தொலைந்தது என்று எண்ணும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒரு டிசம்பர் மாலையில் நம் நாட்டவர் கூடிய விருந்துக்குப் போயிருந்தேன். வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. "எந்த ஊர்?" என்றார் ஒருவர், சொன்னேன். "ஊரில் எந்தப் பக்கம்?" என்றார், அதையும் சொன்னேன். அதற்குப்பின் அந்த மாலை முழுவதும் அவர் என்னிடம் பேசவில்லை. கடல் கடந்தும் சாதி வந்திருக்கிறது என்பதனால்தான் 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. அமெரிக்க நகரங்களுள் அதுவே முதலாவது. அதே ஆண்டில் கலிபோர்னியாவின் சட்டமன்றம் நிறைவேற்றிய அத்தகைய மசோதாவை ஆளுநர் ஏற்க மறுத்துவிட்டார். போராட்டம் அங்கும் முடியவில்லை.

அண்ணல் அம்பேத்கர் 1913இல் நியூயார்க் சென்று, கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் 1916 வரை பயின்றார். மூன்று பனிக்காலங்களை அந்நகரில் கண்டவர் அவர். பிற்காலத்தில், 1946இல், கறுப்பின அறிஞர் டு பாய்ஸ் அவர்களுக்குக் கடிதம் எழுதி, அம்மக்கள் ஐக்கிய நாடுகள் சபைக்கு அளித்த விண்ணப்பத்தின் படியைக் கேட்டார். அவர்கள் துயரிலும் நம் துயரிலும் ஒரே வேரைக் கண்டவர் அவர்.

வெள்ளிவிழா என்பதை ஆங்கிலத்தில் ஜூபிலி என்பர். விவிலியத்தில் அச்சொல் அடிமைகள் விடுதலை பெறும் ஐம்பதாம் ஆண்டைக் குறிக்கிறது. விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்காக 1866இல் தோன்றிய ஃபிஸ்க் கல்லூரி பணமின்றித் தவித்தபோது, 1871இல் அதன் மாணவர்கள் ஊர் ஊராகச் சென்று பாடிப் பொருள் திரட்டினார்கள். ஜூபிலிப் பாடகர்கள் என்பதே அவர்கள் பெயர். அவர்கள் ஈட்டிய பொருளால் எழுந்த ஜூபிலி மாளிகை இன்றும் நாஷ்வில்லில் நிற்கிறது. ஒரு பிடி அரிசியும் ஒரு ரூபாயும் சேர்த்து மாலைப் பள்ளி நடத்துகிறவர்கள், அந்தப் பெயருக்கு உரிமை கொண்டாடத் தயங்க வேண்டியதில்லை.

ஆகவே இளைஞர்களே, விடுமுறை வரும்போது ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த ஓய்வை எனக்குத் தருகிறவர் நான் எதில் அதைக் கழிக்க வேண்டுமென்று விரும்புகிறார்? மதுக்கடையிலா, திரையரங்கின் வாசலிலா? வருகிற அரையாண்டு விடுமுறையில் ஆளுக்கு ஒரு பிள்ளையை அமர்த்தி எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுங்கள். பத்தாம் வகுப்பில் தவறிய தங்கைக்கு மறுதேர்வு விண்ணப்பத்தை நிரப்பித் தாருங்கள். கையொப்பம் இடத் தெரியாத தாய் ஒருத்தி உங்கள் தெருவில் இருந்தால், பொங்கலுக்கு முன் அவள் தன் பெயரை எழுதட்டும்.