இளமையும் உறக்கமும்

(சென்ற ஆண்டு முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

மாணவர் உடல்நலம் பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, "அண்ணே, நான் டாக்டர் இல்லையே, பாய்லரும் பம்பும் பார்க்கிறவன்" என்றேன். "அதனாலதான் தம்பி கூப்பிடுறேன். டாக்டர் சொன்னா பசங்க எங்க கேட்கிறாங்க?" என்றார். உடல்நலத்தில் ஒரே ஒரு விஷயம் பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டு. அது தூக்கம். வகுப்பில் நான் தூங்கிய தூக்கத்துக்கு மேடையில் இருக்கும் இரண்டு பேராசிரியர்களே சாட்சி!

பரீட்சைக்கு முந்தின இரவை எங்கள் விடுதியில் 'சிவராத்திரி' என்போம். மறுநாள் காலை, "மச்சான், நான் நாலு மணிக்குத்தான் படுத்தேன்" என்று ஒருவன் சொன்னால், "நான் படுக்கவே இல்லடா" என்று இன்னொருவன் பெருமை அடித்துக்கொள்வான். இன்று பரீட்சை இல்லாத நாளிலும் சிவராத்திரி நடக்கிறது. லிங்கத்துக்குப் பதில் கையில் செல்போன், அவ்வளவுதான்.

முதலில் இங்கே வந்திருக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. காலையில் எழாத பிள்ளையைச் 'சோம்பேறி' என்று திட்டுகிறோம். அது முழுக்கச் சோம்பல் இல்லை. உடலுக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. இருட்டியபின் மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரந்து, 'படுக்கும் நேரம் வந்துவிட்டது' என்று அது அறிவிக்கிறது. பருவ வயதில் அந்தக் கடிகாரமே ஒன்று முதல் இரண்டு மணி நேரம் பின்தங்கி ஓடுகிறது. ஒன்பது மணிக்குத் தூங்கிய பிள்ளைக்கு, பதினாறு வயதில் பதினொரு மணிக்குத்தான் கண் சொக்கும். ஐந்து மணி டியூஷனுக்கு எழுப்பினால் கிடைப்பது ஆறு மணி நேரம்கூட இல்லை. 13 முதல் 18 வயது வரை தேவைப்படுவது 8 முதல் 10 மணி நேரம்; அதற்கு மேற்பட்ட வயதினருக்குக் குறைந்தது 7 மணி நேரம். இதை உணர்ந்துதான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2014-இல், பள்ளிகள் காலை 8.30-க்கு முன் தொடங்க வேண்டாம் என்று பரிந்துரைத்தது. கலிபோர்னியா மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளிகளுக்கு 2022 முதல் அது சட்டமாகவே வந்துவிட்டது.

"நான் டீ குடிச்சு சமாளிச்சுக்குவேன் அண்ணா" என்பீர்கள். எங்கள் தொழிலை வைத்தே சொல்கிறேன். விழித்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அதுதான் தூக்கத்தின் அழுத்தம். டீ, காபியில் இருக்கும் கஃபீன் அந்த அழுத்தத்தைக் குறைப்பதில்லை. மூளைக்கு அது தெரியாமல் மறைக்கிறது. பாய்லரில் பிரஷர் ஏறும்போது, கேஜ் மேல் துணியைப் போட்டு மூடிவிட்டு 'எல்லாம் சரி' என்பது போல. உள்ளே ஏறுவது ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

அடுத்து, படிப்பு. பகலில் படித்தது மூளையின் ஒரு பகுதியில் தற்காலிகமாகத் தங்குகிறது. அதை நிலையான நினைவாக மாற்றும் வேலையில் பெரும்பகுதி தூக்கத்தில்தான் நடக்கிறது. தூங்காமல் படிப்பது, கீழே அடைப்பான் இல்லாத தொட்டியில் தண்ணீர் நிரப்புவது மாதிரி.

அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் ராண்டி கார்ட்னர் என்ற 17 வயது மாணவர், பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக 264 மணி நேரம், அதாவது 11 நாள், தூங்காமல் இருந்தார். முடித்தது 1964 ஜனவரியில். கடைசி நாளில் அவரிடம், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வரச் சொன்னார்கள். 65 வந்ததும் நின்றுவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதே மறந்துவிட்டது என்றாராம்.

நான் 11 நாள் விழிக்கவில்லை. இரண்டே இரவு. 2008 மே மாதம், நான்காம் செமஸ்டரின் கடைசிப் பரீட்சை, நியூமெரிக்கல் மெத்தட்ஸ். எனக்கு வயது 19. முந்தின இரவு நானே மூன்று பேருக்குச் சொல்லிக் கொடுத்த ரங்கே குட்டா கணக்கு அப்படியே வந்திருந்தது. இரண்டு வரி எழுதினேன். மூன்றாவது வரி வரவில்லை. வெற்றுத் தாளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

பரீட்சை முடிந்ததும் நானும் என் அறை நண்பனும் பைக்கில் ஊருக்குக் கிளம்பினோம். மதியம் இரண்டு மணி. நல்ல வெயில். ஓட்டியவன் நான். அடுத்து எனக்கு நினைவில் இருப்பது புளியமரமும் அவன் அலறலும்தான். எனக்குச் சிராய்ப்பு. அவனுக்கு வலது கால் இரண்டு இடத்தில் முறிவு, இரண்டு ஆபரேஷன். ஒரு செமஸ்டர் போயிற்று. நம் கல்லூரி வாலிபால் அணியில் ஆடியவன், அதன்பிறகு ஆடவே இல்லை. அவன் படுக்கையில் இருக்கும்போது ரிசல்ட் வந்தது. விழித்து விழித்துப் படித்த அந்தப் பேப்பரில் இரண்டு பேருக்கும் அரியர்.

அவன் அம்மாவிடமும், என் வீட்டிலும், இந்தக் கல்லூரியிலும் நான் சொன்னது ஒரே கதை: நாய் குறுக்கே வந்துவிட்டது.

நாய் குறுக்கே வரவில்லை. நான் தூங்கிவிட்டேன்.

நேற்று இரவு அவனிடம் முதன்முதலாக இதைச் சொன்னேன். இன்று மேடையில் சொல்லலாமா என்றும் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "எனக்கு அப்பவே தெரியும்டா. அதுக்கு முன்னாடியே ரெண்டு தடவை வண்டி ஓரம் இழுத்துச்சு. நிறுத்துடான்னு நான் சொல்லியிருக்கணும். எனக்கும் கண்ணு சொக்கிக்கிட்டு இருந்துச்சு. அதையும் சேர்த்துப் பசங்ககிட்ட சொல்லு" என்றான். சொல்லிவிட்டேன். அவன் இந்த அரங்கில்தான் இருக்கிறான்.

1997-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்குக் குறைந்துவிடுகிறது என்பது அதன் முடிவு. வண்டி ஓட்டுபவருக்கு நம் நாட்டுச் சட்டம் அனுமதிக்கும் வரம்பே 0.03 தான். குடித்துவிட்டு ஓட்டுபவனைப் போலீஸ் ஊதச் சொல்லிப் பிடிக்கலாம். தூங்காமல் ஓட்டுபவனைப் பிடிக்க எந்தக் கருவியும் அவர்கள் கையில் இல்லை. பக்கத்தில் இருக்கும் நண்பன்தான் சாவியைப் பிடுங்க வேண்டும்.

தம்பி தங்கைகளே, செய்ய வேண்டியவை அதிகமில்லை. தினமும் ஒரே நேரத்தில் எழுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் கூடப் போனால் போகட்டும். எழுந்ததும் கொஞ்ச நேரம் வெளிச்சத்தில் நடங்கள். பின்தங்கிய கடிகாரம் முன்னுக்கு வரும். மாலை நான்கு மணிக்கு மேல் டீ, காபி வேண்டாம்; குடித்த கஃபீனில் பாதி கழியவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். போனைத் தலைமாட்டில் வைக்காமல் அறையின் அடுத்த மூலையில் சார்ஜ் போடுங்கள். பகலில் அசந்தால் இருபது நிமிடம் தூங்குங்கள், தப்பில்லை. வாரக்கணக்கில் தூக்கமே வராமல் மனசும் கனத்துக் கிடந்தால், மறைக்காமல் வீட்டிலோ ஆசிரியரிடமோ சொல்லி மருத்துவரைப் பாருங்கள். பரீட்சை முடிந்த அன்று பைக்கைத் தொடாதீர்கள். பஸ்ஸில் ஏறுங்கள்; ஜன்னலோர சீட்டில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டே ஊர் போய்ச் சேருங்கள்.

இந்தக் கல்லூரி எனக்குப் பட்டமும் நண்பனும் தந்தது. அரியரை அடுத்த முறை எழுதிப் பாஸ் செய்துவிட்டேன். அவன் காலுக்கு அடுத்த முறை என்று ஒன்று இல்லை.

இன்றிரவு சீக்கிரம் படுங்கள்.