சின்ன கிட்டாருக்கு எந்தப் பிக்கப்?

பத்தாங் காலியில் திருமண விருந்தோ கோயில் திருவிழாவோ, தபேலாவும் கீபோர்டும் முழங்கும் மேடையில் சின்ன கிட்டாரின் ஓசை அமுங்கிவிடும். பிக்கப் தேவைதான். எது என்பதே கேள்வி.

ஒலித்துளையில் பொருத்தும் காந்தப் பிக்கப் இரும்புக் கம்பிக்கே பேசும். நைலான் கம்பிக்கு ஊமை. சேடிலுக்கு அடியில் வைக்கும் பியசோ இரண்டுக்கும் ஒத்துவரும். ஓங்கி மீட்டினால் நாதம் வறண்டு கீச்சிடும். மரப்பலகையில் ஒட்டும் வகை, மரத்தின் குரலையே தரும். ஸ்பீக்கர் பக்கத்தில் இருந்தால் ஊளையிடும்.

சிறிய வாத்தியம் என்பது குறையல்ல. மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் (1969-2014) ஐந்து கம்பி மின் மாண்டலினில் கர்நாடகக் கமகங்களையே குழைத்துக் காட்டினார்.

ஆகவே இளைஞர்களே, முதலில் உங்கள் கிட்டாரில் எந்தக் கம்பி என்று பாருங்கள். அதைக் கடைக்கே எடுத்துச் சென்று, ஆம்பில் கேட்டபின் வாங்குங்கள். அப்பா ஓவர்டைம் செய்து சேர்த்த வெள்ளி வீணாகக் கூடாது!