இளைப்பும் ஓட்டமும்
(பீர்க்கன்கரணையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இளைப்பு நோய் உள்ளவன் ஓடலாமா என்பதைப் பற்றிப் பேசும்படி எனக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. நோயை அடக்கி வைத்துக்கொண்டு தாராளமாய் ஓடலாம் என்பதே என் அபிப்பிராயம். நான் சொல்லுவதற்காக ஒப்புக்கொள்ள வேண்டாம். காரணத்தைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

இந்நோய்க்கு நம் ஜனங்கள் சொல்லும் காரணம் என்ன? தலையெழுத்து என்கிறார்கள், பூர்வ ஜன்ம பாவம் என்கிறார்கள். தலையெழுத்தானால் போகிப் புகையில் அது ஏன் அதிகப்படுகிறது? ஜி.எஸ்.டி. சாலைத் தூசி பட்டவுடன் ஏன் கிளம்புகிறது? பாவத்துக்கும் தூசிக்கும் என்ன சம்பந்தம்?

உண்மை இதுதான். மூச்சுக் குழாயின் உட்புறம் வீங்குகிறது, சுற்றியுள்ள தசை இறுகுகிறது, சளி அடைக்கிறது. ஓடும்போது வாயால் வேகமாய் மூச்சு வாங்குகிறோம். காற்றைச் சூடாக்கி ஈரமாக்கும் மூக்கின் வேலை அப்போது சரியாக நடப்பதில்லை. குழாய் உலர்ந்து இறுகுகிறது. ஆகையால்தான் ஓடி நின்ற சில நிமிஷங்களில் இளைப்பு அதிகமாகிறது. இதில் தெய்வத்துக்கு என்ன வேலை?

ஐதராபாத்தில் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் மிருகசீரிட நாள் பார்த்து, உயிருள்ள விரால் குஞ்சின் வாயில் ஒரு பச்சிலை உருண்டையை வைத்து விழுங்கச் செய்கிறார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். காசு வாங்குவதில்லை என்பது மெய்தான். ஆனால், பகுத்தறிவாளர்கள் கேள்வி கேட்டு நீதிமன்றம் வரை போன பிறகு, 'மருந்து' என்ற பெயர் 'பிரசாதம்' ஆகிவிட்டது! மருந்தானால் சோதனைக்குக் கொடுக்க வேண்டும். பிரசாதமானால் யாரும் கேட்கக் கூடாதாம்.

சோதித்த வழியில் நடந்தவர்கள் கதையைக் கேளுங்கள். 1984 ஒலிம்பிக்கில் அமெரிக்கக் குழுவின் 597 பேரில் 67 பேருக்கு உடல் உழைப்பினால் வரும் இளைப்பு இருந்தது. அந்த 67 பேர் 41 பதக்கங்கள் பெற்றார்கள். இங்கிலாந்தின் பாலா ராட்கிளிஃப் அம்மையாருக்குச் சிறு வயதிலேயே ஆஸ்துமா. அவர் 2003-இல் லண்டன் மாரத்தானை 2 மணி 15 நிமிஷம் 25 விநாடியில் ஓடினார். அந்தச் சாதனை 2019 வரை நின்றது. இவர்களுக்கெல்லாம் பிரம்மா வேறு தலையெழுத்தா எழுதினான்?

நாம் செய்ய வேண்டியது என்ன? முதலில் மருத்துவரைப் பாருங்கள். 1928-இல் டாக்டர் சவுரி முத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய தாம்பரம் சானடோரியம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இன்று அது நெஞ்சக நோய்களுக்கான அரசாங்க மருத்துவமனை. நோய் அடங்கிய பிறகு, பெரிய சாலையை விட்டு ஏரிப் பக்கம் போங்கள். பத்துப் பதினைந்து நிமிஷம் நடந்து உடம்பைச் சூடாக்குங்கள். ஒரு நிமிஷம் ஓடி, இரண்டு நிமிஷம் நடவுங்கள். வாரந்தோறும் ஓட்டத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். பழகிய உடம்புக்கு அதே வேலைக்கு அவ்வளவு மூச்சு வாங்காது. நிறுத்தும்போதும் மெள்ள நடந்தே நிறுத்துங்கள். உடனே தணிக்கும் பம்ப் எப்போதும் சட்டைப் பையில் இருக்கட்டும். மூச்சு முட்டினால் நின்றுவிடுங்கள். ஒரு வாக்கியம் பேச முடியவில்லையானால், பம்ப் மருந்தை இழுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சளி, காய்ச்சல், புகைமூட்டமுள்ள நாட்களில் ஓட வேண்டாம்.

கடைசியாக, மானத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பம்ப் வைத்தால் பழக்கமாகிவிடும் என்கிறார்கள். அது பொய். மருந்து வாய் வழியே நேரே நுரையீரலுக்குப் போவதால் மிகச் சிறு அளவே போதும். வீக்கத்தை அடக்கும் தினசரி மருந்தை, உடம்பு நன்றாயிருக்கிறதென்று நாமாக நிறுத்தவும் கூடாது. அதைவிடக் கொடுமை, பெண் பிள்ளைக்கு இளைப்பு என்று தெரிந்தால் கல்யாணம் ஆகாதென்று பம்பை ஒளித்து வைப்பது. கண்ணாடி போட்டவன் கண்ணாடியை ஒளிக்கிறானா? ஊர் வாய்க்குப் பயந்து ஒரு பெண்ணின் மூச்சைப் பணயம் வைப்பது எந்த ஊர் கௌரவம்? வரன் போனால் போகட்டும், வேறு வரன் வரும். போன மூச்சு வருமா?

ஆகவே தோழர்களே, இந்தப் பேச்சையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். மருத்துவரைக் கேளுங்கள், உங்கள் புத்தியைக் கேளுங்கள். சரியென்று பட்டால், நாளைக் காலையில் நடக்கவாவது தொடங்குங்கள்.