சேர்க்கை நாளும் பெற்றோரும்

சில ஆண்டுகளுக்கு முன் நம் தெருப் பெண்ணொருத்தி நல்ல மதிப்பெண் பெற்றும் கல்லூரி வாயிலிலிருந்து திரும்பினாள். சாதிச் சான்றிதழில் தந்தையின் பெயர் ஓரெழுத்து மாறியிருந்தது. தந்தை அன்று அறுவடைக்குச் சென்றிருந்தார். நாமும் உடன் செல்லவில்லை. அக்குற்றத்தில் நமக்கும் பங்குண்டு.

ஆகவே சாதி, வருமானம், முதல் பட்டதாரி ஆகிய சான்றிதழ்களைத் தேர்வு முடிவு வருமுன்னரே பெற்று, பள்ளிச் சான்றுகளோடு பெயரை ஒப்பிட்டுப் பாருங்கள். 1944இல் தொடங்கிய கல்வி உதவித்தொகை இன்று 2.5 இலட்சம் ரூபாய் வரை ஆண்டு வருமானமுள்ள ஆதிதிராவிடர் குடும்பங்களுக்கு உரியது. அது பிச்சையன்று. எழுத்தறியோம் எனக் கூசி வெளியே நில்லாதீர்கள். மகளோடு உள்ளே செல்லுங்கள். ஞாயிறுதோறும் நம் படிப்பகத்தில் தாள்களைச் சரிபார்க்கக் காத்திருப்போம்.