தவறிச் சுட்ட துவக்கும் நழுவிப் போன பொறுப்பும்



2005 ஆம் ஆண்டு யூலை 22 ஆம் நாட் காலை, இலண்டன் மாநகரிலே ஒரு வாலிபர் வேலைக்குப் புறப்பட்டார். பெயர் ஜான் சார்ல்ஸ் டி மெனேசெஸ், பிரேசில் நாட்டவர், மின்சாரத் தொழிலாளி, வயது 27. அதற்கு இரு கிழமைக்கு முன்னர் அந்நகரிலே குண்டுகளால் 52 பேர் மாண்டிருந்தனர். முதல் நாளும் குண்டு வைக்க முயன்று தோற்றோரைப் பொலிசார் வலைவீசித் தேடினர். தேடப்பட்டவருள் ஒருவரின் விலாசமும் இவர் குடியிருந்த மாடிக் கட்டிடமும் ஒன்றாயிருந்தன. இவ்வளவே அவர் செய்த குற்றம்! வாயிலைக் கவனிக்க நின்ற காவலர் அந்த நேரம் பார்த்துச் சிறுநீர் கழிக்கப் போயிருந்தாராம்.

மெனேசெஸ் பஸ் ஏறி, ஸ்ரொக்வெல் நிலையத்தில் இறங்கி, பிரயாண அட்டையைக் காட்டி உள்ளே சென்று, றெயிலில் அமர்ந்தார். பின்னே ஓடி வந்த பொலிசார் சுட்டனர். தலையில் மாத்திரம் ஏழு குண்டுகள். கனத்த மேலங்கி அணிந்திருந்தார், வாயிற் தடையைத் தாண்டிப் பாய்ந்தார் என்றெல்லாம் அன்று பேசினார்கள். இரண்டும் மெய்யல்ல.

பின்பு நடந்ததையே நாம் சிந்திக்க வேண்டும். தனிப்பட்ட எவர் மீதும் வழக்கில்லை என்று 2006 இல் முடிவாயிற்று. 2007 இல் பொலிஸ் ஆணையாளர் பணிமனை குற்றவாளியெனக் காணப்பட்டது. எச்சட்டத்தின் கீழ் என்கிறீர்கள்? தொழிலிடங்களிற் சுகமும் பாதுகாப்பும் பேணும் 1974 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்! தண்டம் 175,000 பவுண். வழக்குச் செலவு 385,000 பவுண். பொதுசனப் பணம் ஒரு பையிலிருந்து மறு பைக்குப் போயிற்று. 2008 இல் மரண விசாரணை நடந்தபோது, சட்டவிரோதக் கொலை எனத் தீர்க்கும் வழி யூரிமாருக்கு மூடப்பட்டது. பொலிசார் எச்சரித்தே சுட்டனர் என்பதை அவர்கள் ஏற்கவில்லை. முடிவைத் திறந்தபடியே விட்டனர். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றும் 2016 இல், 13 நீதிபதிகளுக்கு எதிராய் 4 பேர் மாறுபட்டு நிற்க, பிரித்தானியா மீது பிழையில்லை என்றது.

பொலிசாரும் மனிதர்தாமே எனப் பெரியோர் சிலர் சொல்லக்கூடும். மெய்தான். சுட்டவரைத் தூக்கிலிடுங்கள் என நாம் கேட்கவில்லை. மேலிடம் ‘நிறுத்துங்கள்’ என்றது. கீழிருந்தோர் தற்கொலைக் குண்டுதாரி என்றே நம்பினோம் என்றனர். உண்மையாக நம்பினால், நம்பிக்கை பிழையானாலும் அந்நாட்டுக் குற்றச் சட்டம் அதனைக் கேட்கும். இவ்விதம் பொறுப்பு கைமாறிக் கைமாறி ஒருவரிடமும் தங்காமற் போயிற்று. சிலப்பதிகாரத்திலும் இதே சங்கிலிதான்: பொற்கொல்லன் சொல், ஆராயாத கட்டளை, அவசரப்பட்ட ஒரு வாள். ஆனால் பாண்டியனோ கொல்லனையும் காவலனையும் காட்டித் தப்பவில்லை. பிழை தனதென்றான், உயிரையும் விட்டான்.

உயிரைக் கேட்க இக்காலத்தில் எவரும் இல்லை. யார், எவ்விடத்தில், எதை விசாரியாமல் விட்டார் என்று பெயர் சொல்லும் ஒரு தீர்ப்பையே அக்குடும்பம் பத்தாண்டுக்கு மேலாகக் கேட்டது. கிடைத்தது, 2010 சனவரி 7 ஆம் நாள், அவர் பிறந்த தினத்தில், ஸ்ரொக்வெல் நிலையத்துக்கு வெளியே திறக்கப்பட்ட ஒரு சித்திரக்கல் நினைவுச் சின்னம்.