சிறிய வீட்டின் ஒழுங்கும் அழகும்

போர் முடிந்தபின் வடக்கிலும் கிழக்கிலும் மீளக் குடியேறிய மக்களுக்காக இந்திய வீடமைப்புத் திட்டத்தின் கீழ் ஏறத்தாழ 46,000 வீடுகள் எழுந்தன. 2012 ஆம் ஆண்டில் விரிவு பெற்ற அத்திட்டத்திலே குடும்பம் ஒன்றுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா பகுதி பகுதியாக வழங்கப்பட்டது. வீட்டின் பரப்பு ஏறத்தாழ 550 சதுர அடி. இரண்டு படுக்கையறைகள், ஒரு கூடம், ஒரு சமையலறை என்பனவே பெரும்பாலும் அதன் உறுப்புக்கள். கூடாரத்திலும் தகரக் கொட்டிலிலும் ஆண்டுகளைக் கழித்த குடும்பத்துக்கு இது சிறிய பேறன்று. எனினும் சுவர் எழுந்து கூரையும் வேய்ந்த மறுநாளே வேறொரு கவலை உள்ளே புகுந்துவிடுகின்றது. அயல் வீட்டில் சோபா இருக்கின்றது, இங்கே இல்லை. உறவினர் வந்தால் அவர்களை எங்கே இருத்துவது? யன்னலுக்குச் சீலை வேண்டாமா? பாத்திரங்களை அடுக்கக் கண்ணாடி அலுமாரி வேண்டாமா?

இக்கவலைக்கு மருந்தென்று சொல்லிக்கொண்டு தவணை வியாபாரிகள் வாசலுக்கே வந்தனர். நுண்கடன் கொடுப்போரும் வந்தனர். அதன் விளைவை நாடு அறியும். 2018 ஆம் ஆண்டிலே, வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களிற் பெண்கள் பெற்றிருந்த ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு நிவாரணம் வழங்க அரசே முன்வர நேர்ந்தது. ஆதலின் வீட்டை அழகுபடுத்தல் பற்றிய பேச்சினை, கடனின்றிச் செய்யத்தக்கவற்றிலிருந்து தொடங்குவதே முறையாகும். அவை மக்கள் நினைப்பதிலும் பல.

முதலில் வெளிச்சம். இருண்ட கூடத்தில் எத்தனை விலையுயர்ந்த கதிரையை இட்டாலும் அது சோபிக்காது. சிறிய அறையைப் பெரிதாகக் காட்டுவது வெண்சுவர். அதற்குச் சுண்ணாம்பைப்போல மலிவான பொருள் வேறில்லை. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கற் பாறையின் மேல் அமைந்த நிலம். பொங்கலுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிக்கும் வழக்கம் அங்கே வேரூன்றியதில் வியப்பில்லை. சுண்ணாம்பின் காரத்தன்மையினாற் சுவரிற் பூஞ்சணம் எளிதிற் பற்றுவதில்லை. ஈரமும் சுவருள்ளே சிறைப்படாது வெளியேறிவிடும். நீறிய சுண்ணாம்பை நீரில் ஊறவைத்து, மெல்லிய துணியில் வடித்து, பால் பதத்திற் கரைத்துக்கொள்ள வேண்டும். ஒரு பிடி உப்புச் சேர்ப்போரும், வெண்மை எடுப்பாகத் தெரிய உடுப்புக்கு இடும் நீலத்திற் சிறிது கலப்போரும் உளர். சுவரை முன்னதாக நனைத்துக்கொண்டு, தடிப்பாக ஒருமுறை பூசாமல், மெல்லியதாக இரண்டு மூன்று முறை பூசினால் உதிராது. முன்னரே எண்ணெய் வர்ணமோ வேறு கடைவர்ணமோ பூசிய சுவரில் இது ஒட்டாது என்பதையும், கரைசல் கண்ணிற் பட்டாற் கண்ணுக்கே கேடு என்பதையும் மறத்தலாகாது. நீற்றும் வேலையின்போது சிறுவரை அருகில் விடவே கூடாது. நிலத்திலிருந்து மூன்றடி உயரம்வரை மட்டும் காவியோ மண்ணிறமோ தீட்டிவிட்டாற் குழந்தைகளின் கைச்சுவடும் மழைத் தெறிப்பும் கண்ணை உறுத்தா.

அடுத்தது கூடம். தளபாடத்தைப் பற்றி இங்கே ஒன்றைக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கின்றது. 550 சதுர அடி வீட்டிலே மூன்று துண்டுச் சோபாவை இறக்கினால், அதன்பின் அக்கூடத்திற் சோபாதான் குடியிருக்கும். மனிதர் அதனைச் சுற்றி ஒதுங்கி நடக்க வேண்டும். கண்ணாடி அலுமாரியும் அத்தகையதே. ஆண்டில் ஒருமுறையும் எடுக்கப்படாத தேநீர்க் கோப்பைகள் வெளிச்சமுள்ள இடத்தில் வீற்றிருக்க, பாடம் படிக்கும் பிள்ளை இருண்ட மூலையில் நிலத்திற் குனிந்து எழுதும் காட்சி பல வீடுகளில் உண்டு. சுவரோடு சேர்ந்த ஒரு நீண்ட வாங்கு நால்வரை இருத்தும். அதன் கீழே பெட்டிகளைச் செருகலாம். இரவில் ஒருவர் படுக்கவும் செய்யலாம். இரண்டொரு கதிரை போதும். கூட்டம் வரும் நாளில் விரிப்பதற்குச் சுருட்டிய பாய்கள் இருக்கவே இருக்கின்றன. மட்டக்களப்புப் பக்கத்துப் பன்பாயின் வண்ணக் கோடுகளைக் கண்டவர்கள், நிலத்தில் விரிக்கும் செயற்கைக் கம்பளத்துக்கு ஏங்கமாட்டார்கள்.

யன்னற் சீலைக்கு ஒரு சிறு கணக்கு. ஆறு முழு யார் நீளமுள்ள பழைய பருத்திச் சேலை 18 அடி. நான்கடி உயரமான யன்னலுக்கு, மேலும் கீழும் மடித்துத் தைக்க அரையடி சேர்த்து, நாலரை அடித் துண்டு ஒன்று வேண்டும். ஆகவே ஒரு சேலையில் நான்கு துண்டுகள். யன்னலுக்கு இரண்டாக இரண்டு யன்னல்களுக்குச் சுருக்கத்தோடு போதுமானவை. கரை கீழே அமையுமாறு தைத்தால் அதுவே வேலைப்பாடு. மருதமுனைக் கைத்தறிச் சேலையொன்று உடுத்திக் கிழிந்திருந்தால் அதனினும் நல்ல திரைச்சீலையைக் கடையில் வாங்குதல் அரிது. நைலோன் சேலையை மட்டும் அடுப்புள்ள பக்கத்திலே தொங்கவிடலாகாது.

கூடத்துச் சுவரைப் பற்றி ஒரு சொல். வன்னியிலே பல வீடுகளின் சுவரில் ஒரே ஒரு படம் இருக்கும். சில படங்களுக்கு மாலை இட்டிருப்பார்கள். வருவார் என்று காத்திருக்கும் வீட்டிலோ மாலை இராது. ஏனைய படங்கள் எல்லாம் இடப்பெயர்விலே போயிருக்க, எஞ்சிய அந்த ஒன்றுக்குத் தக்க இடம் எதுவென்று சிந்திப்பதும் வீட்டு அலங்காரத்தின் ஒரு பகுதியே. நேர்வெயில் விழும் சுவரில் நிறம் மங்கிவிடும். மழை நனைக்கும் வெளிச்சுவரின் உட்புறத்தில் ஈரம் ஏறிப் படத்தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். உட்சுவரிலே, நிற்பவரின் கண்மட்டத்தில், படச்சட்டத்தின் பின்புறம் சுவரைத் தொடாதவாறு சிறு கட்டைத் துண்டு வைத்து மாட்டுதல் நன்று. அதனைச் சுற்றி நாட்காட்டிகளையும் விளம்பரத் தாள்களையும் நெருக்க வேண்டியதில்லை. படத்தைக் கைத்தொலைபேசியில் ஒரு பிரதி எடுத்து வெளியூரிலுள்ள உறவினருக்கும் அனுப்பி வைத்தால், வெள்ளம் வந்தாலும் அது அழியாது.

பிள்ளையின் படிப்பிடத்துக்குத் தனியறை வேண்டுவதில்லை. தனி மூலை வேண்டும். வீட்டில் மிக நல்ல யன்னல் எதுவோ அது பிள்ளைக்கே உரியது. வலக்கையால் எழுதும் பிள்ளைக்கு வெளிச்சம் இடப்புறத்திலிருந்து வர வேண்டும். இடக்கையால் எழுதுவோருக்கு வலப்புறத்திலிருந்து. இல்லையேல் கையின் நிழல் எழுத்தின் மேல் விழும். சுவரில் இரண்டு கீல்களைப் பொருத்தி ஒரு பலகையை மாட்டினால், வேண்டும்போது மேசையாகும். வேண்டாதபோது சுவரோடு மடிந்துவிடும். வீடு கட்டி மிஞ்சிய கற்களை அடுக்கி இடையே பலகை வைத்தாற் புத்தகத் தட்டு. ஆனால் மூன்று வரிசைக்கு மேல் எழுப்பினாற் சரிந்து விழும் அச்சமுண்டு. இரவுக்கு 9 உவாற்று எல்.ஈ.டி. மின்குமிழ் ஒன்று முன்னாளைய 60 உவாற்றுக் குமிழளவு வெளிச்சம் தரும். அதனைக் கூடத்தின் நடுவே உயரத்தில் எரியவிடுவதைவிடப் பிள்ளையின் மேசைக்கு அருகே இறக்குவது பயனுடையது. தொலைக்காட்சிப் பெட்டி எந்தச் சுவரிலும் இருக்கலாம், அந்த மூலைக்கு எதிர்ச் சுவரில் மட்டும் இருத்தலாகாது.

சமையலறையிலே அழகென்பது புகை வெளியேறுவதுதான். 2022 ஆம் ஆண்டுத் தட்டுப்பாட்டின்போது எரிவாயு அடுப்பு வைத்திருந்தோரும் விறகுக்குத் திரும்பினர். ஆகையால் விறகடுப்புப் போய்விட்டதென்று எண்ணிப் புகைப்போக்கியை அடைத்தவர்கள் அப்போது துன்புற்றனர். அடுப்புக்கு மேலே, கூரையை ஒட்டி, காற்றுப் போகும் வழி இருத்தல் இன்றியமையாதது. சுளகு, அரிதட்டு, நீற்றுப்பெட்டி, கடகம் ஆகியவற்றை மூலையில் குவிப்பதால் இடமும் போகின்றது, அவையும் கெடுகின்றன. சுவரில் வரிசையாக ஆணி அடித்து மாட்டினால் அவை உலர்ந்திருக்கும். பனையோலைப் பின்னலின் வண்ணமும் சுவருக்கு அணியாகும். மா, மிளகாய்த்தூள், பருப்பு முதலியவற்றுக்கு ஒரே அளவான மூடியுள்ள போத்தல்களைச் சேர்த்து வைத்தால் எலியும் எறும்பும் அணுகா. நாள்தோறும் எடுப்பவை கைமட்டத்திலும், எப்போதோ எடுக்கும் பெரும் பாத்திரங்கள் பரணிலும் இருக்கட்டும். மண்ணெண்ணெயையும் பயிருக்கு அடிக்கும் மருந்தையும் சோடாப் போத்தலில் ஊற்றிச் சமையலறையில் வைக்கும் வழக்கம் சில வீடுகளில் இன்னும் காணப்படுகின்றது. தாகத்தோடு ஓடிவரும் குழந்தை போத்தலின் வடிவத்தையே அறியும். அவற்றின் இடம் வீட்டுக்கு வெளியே, பூட்டிய பெட்டி.

படுக்கையறையில் கொடி கட்டி உடுப்புக்களைத் தொங்கவிடுவதே ஒழுங்கின்மைக்குக் காரணம். உடுத்தவற்றுக்கு ஒரு கூடை, உடுத்தாதவற்றுக்கு ஒரு பெட்டி என்று பிரித்தாலே அறை விரிந்துவிடும். காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து பெட்டியில் இடுதல் பழைய முறை, இன்றும் போதும். ஆனால் அவ்வறையிலே மிக முக்கியமான பொருள் உடுப்பன்று, கடதாசி. காணி உத்தரவுப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறு ஆகியவை தலையணை உறைக்குள்ளும் அலுமாரித் தட்டின் அடியிலும் சிதறிக் கிடக்கும். 2018 ஆம் ஆண்டு டிசெம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் புகுந்தது ஓர் இரவில். வெள்ளம் நிலத்திலிருந்து ஏறுவது. ஆதலின் கட்டிலின் கீழ் வைத்த பெட்டியே முதலில் நனையும். எல்லாவற்றையும் நீர்புகாத ஒரே உறையிலிட்டு, கதவுக்கு அருகே, ஆளுயரத்தில் ஓர் ஆணியில் மாட்டி வைத்து, அந்த ஆணி எங்கே என்பதை வீட்டிலுள்ள எல்லோருக்கும் சொல்லி வைக்க வேண்டும்.

மலையகத்தின் பழைய லயன்களிலே இந்த 550 சதுர அடியும் கனவுதான். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையொன்றில் ஒரு குடும்பமே வாழ்கின்றது. அங்கே நிலத்தில் வைக்கக்கூடிய பொருள் எதுவும் இல்லை. சுவரின் உயரமே மிச்சமான இடம். தலைமட்டத்துக்கு மேலே அறையைச் சுற்றி ஒரு பலகைத் தட்டு ஓடவிடுவதும், இரவில் இழுத்து விடக்கூடிய ஒரு சீலையால் வளர்ந்த பெண் பிள்ளைக்கு மறைப்பு அமைப்பதும் அங்கே அலங்காரம் என்னும் சொல்லைக் கடந்தவை.

இறுதியாக விறாந்தை. அது முதியவரின் இடம். சாய்மனைக் கதிரையை வீதியும் படலையும் தெரியுமாறு போட்டால், போவோர் வருவோரோடு அவர் இரண்டு வார்த்தை பேச முடியும். சுற்றிலும் பூச்சாடிகள் வைப்பதும், போத்தல் நீரிலே கொடி வளர்ப்பதும் செலவில்லாத அழகு. ஆனால் 2017 ஆம் ஆண்டில் இந்நாட்டில் 1 இலட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை டெங்குக் காய்ச்சல் பிடித்ததை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்நுளம்பு சேற்றை நாடுவதில்லை. சாடித் தட்டிலும் பூப்போத்தலிலும் தேங்கும் தெளிந்த நீரே அதற்குப் பிடித்தமானது. முட்டையிலிருந்து நுளம்பாவதற்கு ஒரு கிழமை முதல் பத்து நாள் வரையே செல்லும். ஆதலின் வெள்ளிக்கிழமை வீடு கழுவும்போது போத்தல் நீரையும் மாற்றிவிடலாம். நீரைக் கொட்டுவது மட்டும் போதாது. முட்டைகள் நீர்மட்டத்தை ஒட்டிப் போத்தலின் உட்புறத்திலே ஒட்டிக்கொண்டு, காய்ந்த பின்னும் மாதக்கணக்காய் உயிரோடிருக்கும். தும்பினாலோ பழந்துணியினாலோ உட்புறத்தைத் தேய்த்துக் கழுவிய பின்னரே புதுநீர் ஊற்ற வேண்டும். போத்தலின் வாய் ஒடுங்கிக் கை புகாததாயின், அக்கொடியை மண்சாடிக்கு மாற்றிவிடுதல் நன்று.