காற்றாலை ஊர் பட்டேவியா

அமெரிக்காவில், சிகாகோவுக்கு மேற்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டரில், ஃபாக்ஸ் ஆற்றங்கரையில் இருக்கிறது பட்டேவியா. விவசாயம் செழித்த வட்டாரம். கால்நடைக்கும் நீராவி ரயிலுக்கும் தண்ணீர் இறைக்க வேண்டுமே! அதற்காக 19-ஆம் நூற்றாண்டில் இந்தச் சின்ன ஊரிலேயே பல காற்றாலைத் தொழிற்சாலைகள் எழுந்தன. கிராமங்களுக்கு மின்சாரம் வந்ததும் அந்தத் தொழில் நொடித்துப்போனது.

1967-இல் ஊருக்குப் பக்கத்தில், 6,800 ஏக்கரில், ஃபெர்மி இயற்பியல் ஆய்வுக்கூடம் தொடங்கியது. தலைமுறை தலைமுறையாக உழுத மண்ணை விட்டுக் குடியானவர்கள் போக வேண்டியிருந்தது. அறிவியலின் பெருமையைப் பேசும்போது அவர்களையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். அவர்களுடைய வீடுகள் சிலவற்றை அப்படியே பெயர்த்து நகர்த்தி, விஞ்ஞானிகள் தங்கும் குடியிருப்பாக்கினார்கள். முதல் இயக்குநர் ராபர்ட் வில்சன் 1969-இல் அமெரிக்கக் காட்டெருமைகளைக் கொண்டுவந்தார். மந்தை இன்றும் அங்கே மேய்கிறது. அதே வளாகத்தில் நிலத்தடியில் துகள்களை முடுக்கிய, 6 கிலோமீட்டருக்கும் அதிகச் சுற்றளவுள்ள ஒரு வளையம். அங்கே நடந்த சோதனைகளில்தான் டாப் குவார்க் என்ற அடிப்படைத் துகள் அகப்பட்டது. 1995-இல் உலகுக்கு அறிவித்தார்கள்.

பழைய காற்றாலைகளையும் ஊர் கைவிடவில்லை. தேடிக் கொண்டுவந்து, பழுதுபார்த்து ஆற்றங்கரையில் நிறுத்தியிருக்கிறார்கள். சிகாகோ பக்கம் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள், ஒரு பகல் ஒதுக்கி அங்கேயும் போய் வாருங்கள்.